அமெரிக்கக் கல்லூரியில் மகளுக்குப் பட்டமளிப்பு: மூன்று நாளும் இருக்க வேண்டுமா?

கேள்வி இது: "எங்கள் மகள் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஒரு சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். வரும் மே மாதம் படிப்பு முடிகிறது. வெள்ளி முதல் ஞாயிறு வரை பட்டமளிப்பு நிகழ்ச்சிகள் என்று அழைப்பு வந்திருக்கிறது. பட்டம் தருவது என்னவோ ஞாயிறு காலை இரண்டு மணி நேரம்தான். இதற்காகத் திருச்சியிலிருந்து இரண்டு பேர் வந்து போக வேண்டுமா? வந்தால் மூன்று நாளும் இருக்க வேண்டுமா? இன்னொன்று, பட்டத்தில் பி.எஸ்ஸி. என்று இல்லாமல் ஏ.பி. என்று போடுவார்களாமே, அது இங்கே செல்லுமா?"

கலையும் அறிவியலும் சேர்த்துக் கற்பிக்கும் இப்படிப்பட்ட கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பிக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசியில் கறுப்பு அங்கிக்குள் வியர்த்து வழிய மேடைக்கு அருகே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்: முடியுமானால் வாருங்கள். ஒரு நாள்தான் இருக்க முடியும் என்ற நிலை வந்தால், ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டுச் சனிக்கிழமைக்கு வாருங்கள் என்றுகூடச் சொல்வேன். ஞாயிறு காலை நடப்பதைக் கல்லூரியே இணையத்தில் நேரலையாகக் காட்டிவிடும். சனிக்கிழமை நடப்பதை யாரும் படம் பிடித்துக் காட்டுவதில்லை.

முதலில் அந்த ஏ.பி. கவலையைத் தீர்த்துவிடுகிறேன். அது பி.ஏ.வேதான்; இலத்தீன் பெயரின் எழுத்துகளை அதே வரிசையில் போடுகிறார்கள், அவ்வளவுதான். ஆம்ஹெர்ஸ்ட், ஸ்மித், மவுண்ட் ஹோலியோக், போடன் போன்ற பழைய கல்லூரிகளின் வழக்கம் இது. இயற்பியல் படித்தாலும் இசை படித்தாலும் ஒரே பட்டம்தான். எந்தப் பாடத்தில் முதன்மையாகப் படித்தாள் என்பது மதிப்பெண் பட்டியலில் இருக்கும். முனைவர் படிப்புக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அமெரிக்காவில் யாரும் இதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. ஊரில் உறவினர்கள் "ஆர்ட்ஸ் காலேஜா?" என்று இழுப்பார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

இனி, ஏன் மூன்று நாள் என்பது. நம் ஊரில் பெரும்பாலும் கல்லூரி பாடம் நடத்துகிறது, பட்டத்தைப் பல்கலைக்கழகம் தருகிறது. தேர்வு முடிந்து மாதக்கணக்கில் கழித்து, பிள்ளைகள் திசைக்கொருவராகப் போன பிறகு, வேந்தர் வந்து தங்கப் பதக்கக்காரர்களுக்கு மட்டும் கையில் கொடுப்பார். மற்றவர்களுக்கு வேறொரு நாள், அல்லது தபாலில். லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிக்கு மேலே அப்படி ஒரு பல்கலைக்கழகம் கிடையாது. கற்பிப்பதும் அதுவே, பட்டம் கொடுப்பதும் அதுவே. மாணவர்கள் மொத்தமே இரண்டாயிரம் பேர் அளவில் இருப்பார்கள். ஏறக்குறைய எல்லாருமே இளநிலை மாணவர்கள், வளாகத்திலேயே தங்கிப் படிப்பவர்கள். இறுதியாண்டு மாணவர்களின் மதிப்பெண்களை விழாவுக்குச் சில நாள் முன்பே எங்களிடம் வாங்கிவிடுவார்கள். பிறகு பட்டம் பெறத் தகுதியானவர்களின் பட்டியலை ஆசிரியர் கூட்டத்தில் வைத்து நாங்கள் வாக்களிக்க வேண்டும். அறங்காவலர்கள் ஒப்புதல் தர வேண்டும். ஆக, அந்த வார இறுதியில் மேடையேறும் ஒவ்வொரு பிள்ளையும், சில நாள் முன்பு நாங்கள் கைதூக்கி "ஆம்" சொன்ன பெயர். தேர்வு முடிந்த சூடு ஆறுவதற்குள், விடுதியைக் காலி செய்வதற்கு முன், எல்லாரும் ஒரே இடத்தில் இருக்கும் கடைசி மூன்று நாள்கள் அவை. பெரிய பல்கலைக்கழகங்களின் பொது விழாவில் ஆயிரக்கணக்கானவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, ஒரே வாக்கியத்தில் பட்டம் வழங்கிவிடுவார்கள். இங்கே ஒவ்வொரு பெயரும் வாசிக்கப்படும், ஒவ்வொரு கையும் குலுக்கப்படும்.

வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிகளை விட்டுவிடலாம். மாணவர்களுக்கு ஒத்திகை, மாலையில் இசை நிகழ்ச்சி, பெற்றோருக்குச் சிற்றுண்டி என்று போகும். விமானப் பயணக் களைப்போடு வருகிறவர்கள் தூங்கிவிடுவது நல்லது. ஒரு விதிவிலக்கு: ஃபை பீட்டா கப்பா என்ற சங்கத்தில் மகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றால், அந்தச் சிறு கூட்டம் வெள்ளியோ சனியோ எப்போது நடந்தாலும் கட்டாயம் போங்கள். 1776ல் வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் தொடங்கியது. கலை, அறிவியல் படிப்பில் சிறந்து விளங்குபவர்களுக்கு அமெரிக்காவில் கிடைக்கும் மிகப் பழைய மரியாதை அது. மகள் "ஒன்றுமில்லை அப்பா, ஒரு கிளப்" என்று சொல்லித் தட்டிக்கழிப்பாள். நம்பாதீர்கள்.

சனிக்கிழமைதான் கனமான நாள். அன்று காலையோ பிற்பகலோ ஒவ்வொரு துறையும் தனித்தனியே ஒரு வரவேற்பு வைக்கும். இயற்பியல் துறை என்றால் இறுதியாண்டு மாணவர் பத்துப் பதினைந்து பேர், அவர்களுடைய குடும்பங்கள், ஆசிரியர்கள். எலுமிச்சைச் சாறும் பிஸ்கட்டும் இருக்கும். வழிகாட்டும் ஆசிரியர் தம் மாணவர்களைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவார். இந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் விமானச் செலவு என்று நான் சொல்வேன். சனிக்கிழமையை விட்டுவிட்டு ஞாயிறு மட்டும் வந்து போவது, முதல் நாள் மாலையில் உறவெல்லாம் கூடிப் பேசும்போது இல்லாமல் முகூர்த்தத்துக்கு மட்டும் தலைகாட்டிவிட்டுப் போகிற கல்யாணம் போன்றது.

நம் ஊர்ப் பெற்றோர் அங்கே செய்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அப்பா சுவரோரமாக நின்றுகொள்வார். அம்மா மகளின் தோளுக்குப் பின்னால். நான் தமிழன் என்று தெரிந்தால் முகம் மலர்ந்து, அடுத்த கேள்வியே "இவள் எத்தனையாவது ரேங்க் சார்?" என்பதாக இருக்கும். பல கல்லூரிகளில் ரேங்க் என்ற ஒன்றே கிடையாது. ஒரு தந்தையிடம் அதைச் சொல்லிவிட்டு, அவருடைய மகள் ஒரு குளிர்காலம் முழுவதும் ஒரே வினையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்ததையும், விளைபொருளில் வந்துகொண்டிருந்த கலப்படம் குடுவையைக் கழுவிய கரைப்பானிலிருந்து வருகிறது என்று அவளாகவே கண்டுபிடித்ததையும் சொன்னேன். அவர் மகளைத் திரும்பிப் பார்த்து, "இதை வீட்டில் சொன்னதே இல்லையே" என்றார். அவள் பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் தொலைபேசியில் மதிப்பெண்ணைச் சொல்வார்கள், சாப்பிட்டதைச் சொல்வார்கள், இதைச் சொல்வதில்லை.

ஆகவே சுவரோரம் நிற்காதீர்கள். வருமுன் மகளிடம் அவளுடைய ஆய்வேட்டின் முதல் பக்கத்தை மட்டுமாவது அனுப்பச் சொல்லிப் படித்துவிட்டு வாருங்கள். புரியாவிட்டால் பரவாயில்லை, புரியவில்லை என்று ஆசிரியரிடமே சொல்லுங்கள், விளக்க ஆரம்பித்துவிடுவார். எங்கள் தொழில்வியாதி அது. ஆங்கிலம் சரளமாக வராது என்ற தயக்கம் வேண்டாம், மகள் நடுவில் நின்று மொழிபெயர்க்கட்டும். பரிசாக வெள்ளிக் குத்துவிளக்கு, பட்டு வேட்டி என்று சுமந்து வர வேண்டாம். விலையுயர்ந்த பொருளை வாங்கிக்கொள்ள எங்களுக்கு அனுமதி இருக்காது, மறுக்கவும் சங்கடம். கையால் எழுதிய ஒரு கடிதம் போதும். தமிழில் எழுதி, மகளின் மொழிபெயர்ப்போடு கொடுத்தாலும் சரி.

சனிக்கிழமையின் இன்னொரு பாதி, அந்தந்தக் கல்லூரியின் பழைய சடங்குகள். எந்தக் கல்லூரி என்று நீங்கள் சொல்லவில்லை. மாசசூசெட்ஸ் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன்.

நார்த்தாம்ப்டன் நகரின் ஸ்மித் கல்லூரி என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 1871ல் சாசனம் பெற்று, 1875ல் வகுப்புகளைத் தொடங்கிய மகளிர் கல்லூரி. பட்டமளிப்புக்கு முதல் நாளை அங்கே 'ஐவி டே' என்பார்கள். முன்னாள் மாணவியர் சந்திப்பு ஒன்றையும் அதே வார இறுதியில் வைப்பதால், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் படித்தவர்கள்கூட வெள்ளை உடையில் ஆண்டு வாரியாக அணிவகுத்து வருவார்கள். அந்த ஆண்டு முடிப்பவர்களும் வெள்ளை உடைதான். கையில் ஆளுக்கொரு சிவப்பு ரோஜா. அன்று இரவு வளாகமெங்கும் காகித விளக்குகள் தொங்கும், ஆங்காங்கே பாட்டு நடக்கும். மறுநாள் மேடையில் கொடுக்கப்படும் பட்டம் பெரும்பாலும் வேறு யாருடையதாகவோ இருக்கும். விழா முடிந்ததும் எல்லாரும் வட்டம் வட்டமாக நின்று, கையில் இருக்கும் பட்டத்தை அடுத்தவருக்குக் கடத்திக்கொண்டே இருப்பார்கள். தன் பெயருள்ளது கைக்கு வந்ததும் அவரவர் வெளியேறலாம். வட்டம் சுருங்கச் சுருங்கக் கூச்சல் அதிகமாகும். "என் பெண்ணுக்கு வேறு யாருடைய சர்டிபிகேட்டையோ கொடுத்துவிட்டார்கள்" என்று பதற்றத்தோடு அலுவலரைத் தேடி ஓடாமல் இருக்க இதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பக்கத்திலேயே, சவுத் ஹாட்லியில், மவுண்ட் ஹோலியோக். 1837ல் மேரி லயன் தொடங்கிய கல்லூரி. அங்கே பட்டமளிப்புக்கு முதல் நாள் மாணவியர் வெள்ளை உடுத்தி, லாரல் இலைகளால் பின்னிய நீண்ட சரத்தைத் தோளில் தாங்கி ஊர்வலமாகப் போய், வளாகத்துக்குள்ளேயே இருக்கும் மேரி லயனின் கல்லறையைச் சுற்றியுள்ள வேலியில் அதைச் சுற்றிவிட்டுப் பாடுவார்கள். வெள்ளை உடை, கல்லறை, அதுவும் நல்ல நாளில்! நம் வீட்டுப் பாட்டி கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். ஆனால் தான் படிக்க இடம் உண்டாக்கியவளுக்கு மாலை சாத்திவிட்டுத்தான் பட்டம் வாங்க வேண்டும் என்பது நமக்கு அந்நியமான எண்ணம் இல்லை.

மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் வில்லியம்ஸ் கல்லூரியில் தேவாலயக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கடிகாரத்தைக் கீழே போடுவார்கள். உடைந்தால் அந்த ஆண்டு மாணவர்களுக்கு நல்ல சகுனம்.

மாசசூசெட்ஸை விட்டு வெளியே போனால் பட்டியல் நீளும், ஒன்றே ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. வெர்மான்ட் மாநிலத்தின் மிடில்பரி கல்லூரியில் பட்டத்தோடு ஒரு கைத்தடியும் கொடுக்கிறார்கள். கல்லூரி உருவாக உழைத்த கமாலியேல் பெயின்டர் 1819ல் இறக்கும்போது விட்டுச்சென்ற தடியின் நகல் அது. அந்தக் கல்லூரியில் 1815ல் பட்டம் பெற்ற ஒருவர் பிறகு யாழ்ப்பாணம் வந்து, சென்னைக்கும் வந்து, 1862ல் தமிழ்-ஆங்கில அகராதி ஒன்றை வெளியிட்டார். வின்சுலோ அகராதியை இன்றும் புரட்டுகிறோம் அல்லவா, அந்த மிரன் வின்சுலோதான். அவர் உடுவிலில் குடியேறிய பின் அவர் மனைவி ஹாரியட் அங்கே பெண்களுக்கென்று விடுதியோடு கூடிய பள்ளியை 1824ல் தொடங்கினார்.

சரி, ஞாயிறு. காலை பத்து மணி வாக்கில் புல்வெளியில் வெள்ளை மடக்கு நாற்காலிகள். மழை கொட்டினால் மட்டுமே உள்ளே. தூறலுக்கெல்லாம் அசைய மாட்டார்கள். உள்ளரங்கு என்றால் இடம் குறைவு என்பதால் பல கல்லூரிகள் ஒரு மாணவருக்கு மூன்று நான்கு மழை டிக்கெட் தருவார்கள். வானம் தெளிவாக இருக்கிறதே என்று அறையிலேயே வைத்துவிட்டு வராதீர்கள். நியூ இங்கிலாந்தில் மே மாதக் கடைசி ஒரு நாள் பத்து டிகிரி குளிராக இருக்கும், மறுநாள் முப்பதைத் தொடும். பட்டுப் புடவை கட்டலாமா என்று பலரும் கேட்கிறார்கள். தாராளமாகக் கட்டுங்கள், மேலே ஒரு ஸ்வெட்டர் அல்லது கோட்டு இருக்கட்டும். குதிகால் உயர்ந்த செருப்பு மட்டும் வேண்டாம். ஈரப் புல்லில் புதைந்துவிடும். தொப்பி அவசியம், பந்தல் என்ற பேச்சே கிடையாது.

ஆசிரியர்கள் ஊர்வலமாக வரும்போது ஏன் ஆளுக்கொரு நிறம் என்று தோன்றும். 1895ல் அமெரிக்கக் கல்லூரிகள் சேர்ந்து வகுத்த உடை விதியிலிருந்து வந்தது அது. கழுத்திலிருந்து முதுகில் தொங்கும் துணியின் உட்புற நிறம், அவர் பட்டம் வாங்கிய பல்கலைக்கழகத்தைக் காட்டும். விளிம்பு வெல்வெட்டின் நிறம் படிப்பின் வகையைக் காட்டும். அங்கியின் கைப்பகுதியில் மூன்று வெல்வெட் பட்டைகள் இருந்தால் முனைவர். வெளியிலிருந்து வரும் பிரமுகரின் உரை நடக்கும்போது இந்த நிறங்களை எண்ணிக்கொண்டிருக்கலாம். (மெயின் மாநிலத்தின் போடன் கல்லூரியில் பிரமுகர் உரையே கிடையாது. பட்டம் பெறும் மாணவர்களே பேசுகிறார்கள். எல்லாக் கல்லூரிகளும் இதைப் பின்பற்ற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.)

பிறகு பெயர் வாசிப்பு. ஐநூறு பேர், ஆளுக்கு எட்டு வினாடி என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல். பெரும்பாலும் குடும்பப்பெயரின் அகரவரிசை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப்பெயராக ஏறியிருந்தால் அந்த எழுத்து வரும்போதுதான் அழைப்பார்கள். கேமராவைத் தயாராக வைத்திருக்க இதைத் தெரிந்துகொள்ளுங்கள். எப்படி உச்சரிக்க வேண்டும் என்று மாணவர்களிடம் முன்பே கேட்டு வாங்குவார்கள், சில இடங்களில் அவர்கள் குரலிலேயே பதிவுசெய்து. எங்கள் கல்லூரியில் பெயர் வாசிக்கும் பேராசிரியர் ஓர் ஆண்டு மே மாதத்தில் ஒரு சிறு அட்டையோடு என் அறைக்கு வந்தார். அட்டையில் 'யாழினி' என்ற பெயர் ஆங்கில எழுத்துகளில், அதன் மேல் பென்சிலால் கோடுகள், அடியில் அந்தப் பெண் எழுதிய குறிப்பு: "யாலினி என்றாலும் பரவாயில்லை." அவர் வரலாற்றுத் துறைக்காரர். "பரவாயில்லை என்றால் எனக்குப் பரவாயில்லையா?" என்று கோபித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாக்கை உள்ளே மடித்து ஒலிக்கச் சொன்னேன். முதலில் 'ர' வந்தது, பிறகு 'ள' வந்தது, பிறகு இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. விழாவன்று அவர் வாயிலிருந்து வந்த ழகரம் நம் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர்கள் பலருடையதைவிடத் தேவலை. ஆகவே மகள் எளிமைப்படுத்தி எழுதிக்கொடுக்க முனைந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சரியான பெயரைக் கேட்பது அவள் உரிமை, கற்றுக்கொள்வது அவர்கள் வேலை. பட்டத்தில் அச்சாகும் பெயர் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும், அதை மாதக்கணக்கில் முன்பே உறுதிசெய்யச் சொல்வார்கள்.

எல்லாப் பெயரும் முடியும்வரை கைதட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வார்கள். யாரும் கேட்பதில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

முடிந்ததும் உடனே எழுந்து ஓட வேண்டாம். எங்கள் கல்லூரியிலும் இன்னும் சிலவற்றிலும் ஆசிரியர்கள் முதலில் இறங்கிப் பாதையின் இரு பக்கமும் வரிசையாக நிற்போம். மாணவர்கள் நடுவே வர வேண்டும். ஐந்து நிமிடத்தில் கடக்க வேண்டிய தூரத்துக்கு அரை மணி நேரம் ஆகும். ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்வார்கள், தொப்பி விழும், முதலாண்டில் என் வகுப்பில் தோற்றுவிட்டு மறுபடியும் எழுதித் தேறியவன் என் கையை விடவே மாட்டான். அந்த வரிசை முடியும் இடத்தில் போய் நில்லுங்கள். படம் எடுக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

இப்போது செலவும் ஏற்பாடும். விசா நேர்காணலுக்குச் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் நாளைக்கே தொடங்குங்கள். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டால் அழைப்புக் கடிதம் தருவார்கள். தங்குமிடம்தான் பெரிய தொல்லை. சிறிய ஊரில் இருக்கும் சில ஹோட்டல்கள் ஓராண்டுக்கு முன்பே நிரம்பிவிடும், இரண்டு மூன்று இரவு சேர்த்துத்தான் தருவார்கள், வாடகையும் மற்ற நாளைப் போல இருக்காது. சில கல்லூரிகள் காலியான விடுதி அறைகளைக் குடும்பங்களுக்கு மலிவாகக் கொடுக்கும். மகளை உடனே விசாரிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் முக்கால் மணி நேரத் தொலைவில் வேறு ஊரில் எடுத்துக்கொண்டு, நண்பர் குடும்பத்தோடு காரைப் பகிர்ந்துகொள்ளலாம். சனிக்கிழமை இரவு ஊரிலிருக்கும் ஒரே இந்திய உணவகத்தில் இடம் கிடைக்காது, முன்பே சொல்லி வைக்க வேண்டும். சைவம் என்றால் கல்லூரி விருந்துக்கான படிவத்தில் குறித்துவிடுங்கள், நன்றாகவே தருவார்கள். ஊறுகாய் உங்கள் பொறுப்பு.

திரும்பும் டிக்கெட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. விழா முடிந்த கையோடு மகளையும் ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விடலாம் என்று மூன்று டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். படிப்புக்குப் பின் வேலை செய்ய மாணவர் விசாவில் ஓ.பி.டி. அனுமதி உண்டு. படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்பிலிருந்து முடிந்து 60 நாள் வரை விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்காமலேயே நாட்டைவிட்டு வெளியேறினால் அந்த வாய்ப்பு போய்விடும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வெளியே போவதிலும் சிக்கல் உண்டு. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் அவள் பயணத்தை முடிவு செய்ய வேண்டாம்.

கடைசியாக, ஞாயிறு பிற்பகல் உங்களுக்காகக் காத்திருக்கும் வேலை. விடுதி அறையை அன்று மாலையோ மறுநாள் நண்பகலுக்குள்ளோ காலி செய்தாக வேண்டும். அங்கியைக் கழற்றக்கூட நேரமில்லாமல் பட்டதாரிகள் மூன்றாவது மாடியிலிருந்து மெத்தை விரிப்பும் புத்தகப் பெட்டியுமாக இறங்கிக்கொண்டிருப்பார்கள், கூடவே கோட்டு சூட்டு போட்ட அப்பாக்கள். அகலமான ஒட்டு டேப்பும் கத்தரிக்கோலும் கையோடு இருக்கட்டும், அந்த ஊர்க் கடையில் அன்று தீர்ந்திருக்கும். வேண்டாத சாமான்களை வாங்கிக்கொள்ளக் கீழ்த்தளத்தில் பெட்டி வைத்திருப்பார்கள். குட்டிக் குளிர்பதனப் பெட்டி இருந்தால் சனிக்கிழமை இரவே மின்சாரத்தை நிறுத்தி, கதவைத் திறந்து, அடியில் ஒரு துண்டை விரித்து வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பனி உருகி வழியும் தண்ணீர் முழுவதும் வாடகைக் காரின் இருக்கையில்தான்.